கீழே ஆள் குளிக்கிறார்கள்: தண்ணீர்ச் சட்டத்துக்கு ஓர் எளிய அறிமுகம்

பிசானம் அறுப்பு முடிந்து பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும் எங்கள் வீட்டில் நெல் அவிப்பார்கள். பின்வாசலில் பெரிய அண்டாவில் நெல்லைக் கொட்டி, முங்கத் தண்ணீர் ஊற்றி ஊறப் போடுவார்கள். மூன்றாம் நாள் அந்தத் தண்ணீரை வடிக்கும்போது தெருமுனை வரைக்கும் வாடை போகும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. லேசான மஞ்சள், மேலே கொஞ்சம் நுரை, அவ்வளவுதான். ஆனால் மூக்கைப் பொத்தாமல் பக்கத்தில் நிற்க முடியாது. வீட்டுக்குப் பின்னால் கூப்பிடு தூரத்தில், தாமிரபரணியில் பிரியும் கன்னடியன் கால் என்ற கால்வாயிலிருந்து கிளைக்கிற வாய்க்கால் ஓடுகிறது. பத்து வயதில் அந்த ஊறல் தண்ணீரை வாளியில் எடுத்துக்கொண்டு நான் வாய்க்காலைப் பார்த்து நடந்தபோது, ஆச்சி பட்டாசாலையில் இருந்தே சத்தம் போட்டாள்.

"எலே, வாய்க்கால்ல ஊத்தாத! கீழ ஆளுவ குளிக்காவல்லா."

தென்னை மூட்டில் ஊற்றச் சொன்னாள். ஊற்றினேன்.

ரொம்ப வருடம் கழித்து 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டத்தைக் கையில் எடுத்து வாசித்தபோது அதன் 24-ஆம் பிரிவில் ஆச்சியின் குரலைக் கேட்டேன். நச்சுப்பொருளோ கேடு செய்யும் பொருளோ மாசுபடுத்தும் பொருளோ ஓடையிலும் கிணற்றிலும் கலக்கும்படி யாரும் தெரிந்தே விடக் கூடாது. விடுவதற்கு இடம் கொடுக்கவும் கூடாது. ஊற்றியவன் மட்டும் குற்றவாளி இல்லை, தெரிந்தும் ஊற்றவிட்டவனும் குற்றவாளி என்கிற அந்த இரண்டாவது பாதி எனக்கு மிகவும் பிடித்தது. நான் வழக்கறிஞர் இல்லை. ஊர் வாய்க்காலுக்காக மனு எழுதப் போய்ச் சட்டம் படித்துக்கொண்டவன். தொடக்கத்தில் எனக்கு யாராவது இதையெல்லாம் எளிமையாகச் சொல்லியிருந்தால் எவ்வளவோ அலைச்சல் மிச்சமாகியிருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அழுக்கை எப்படி அளக்கிறார்கள்

சட்டத்துக்குள் போவதற்கு முன்னால் ஒரு அளவைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். நிறத்தையும் நாற்றத்தையும் வைத்து எந்த அதிகாரியும் நடவடிக்கை எடுக்க முடியாது. எண் வேண்டும். அப்படிப் பயன்படும் எண்களில் முக்கியமானது பி.ஓ.டி. என்பது. உயிர்வேதி ஆக்சிஜன் தேவை என்று பாடப்புத்தகத்தில் போட்டிருப்பார்கள்.

ஊறல் தண்ணீரையே எடுத்துக்கொள்வோம். அதில் விஷம் எதுவும் கிடையாது. நெல்லில் இருந்து கரைந்து வந்த மாவும் சர்க்கரையும்தான். ஆனால் வாய்க்காலில் கலந்ததும் நுண்ணுயிர்களுக்கு அது விருந்து. தின்று பெருகுகிற நுண்ணுயிர்கள் மூச்சும் விடும். அந்த மூச்சுக்கான ஆக்சிஜன் தண்ணீரில் கரைந்திருப்பதிலிருந்துதான் போக வேண்டும். நம் ஊர்ச் சூட்டில் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஏறக்குறைய 8 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்திருக்கும். கையிருப்பே அவ்வளவுதான். நுண்ணுயிர்கள் அதைக் காலி செய்துவிட்டால் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும், பிறகு மிதக்கும். கெண்டையும் கெளுத்தியும் செத்து ஒதுங்கிய காலையில் "எவனோ மருந்தைக் கலந்துட்டான்" என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். பல சமயம் மருந்தே தேவையில்லை, சோற்றுக் கஞ்சி போதும்.

ஆய்வுக்கூடத்தில் தண்ணீரை ஒரு கண்ணாடிக் குப்பியில் காற்றுக் குமிழி இல்லாமல் நிரப்பி, கரைந்திருக்கும் ஆக்சிஜனை அளந்துகொள்வார்கள். அதே தண்ணீர் நிரம்பிய இன்னொரு குப்பியை இருட்டில் 27 பாகை வெப்பத்தில் மூன்று நாள் வைத்து மறுபடி அளப்பார்கள். எவ்வளவு குறைந்ததோ அதுதான் பி.ஓ.டி. கணக்கு. மூன்று நாள் என்று வாசித்தபோது எனக்கு அண்டாதான் நினைவுக்கு வந்தது.

இப்போது சில எண்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆற்றுத் தண்ணீரை ஐந்து வகையாகப் பிரித்திருக்கிறது. கிருமி நீக்கம் மட்டும் செய்து குடிக்கலாம் என்றால் லிட்டருக்கு பி.ஓ.டி. 2 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். இறங்கிக் குளிக்கலாம் என்றால் 3-க்குள். குளிக்கும் தண்ணீரில் கோலிஃபார்ம் கிருமிகள் 100 மில்லிலிட்டருக்கு 500-க்கு மேல் போகக் கூடாது என்பதும் சேர்ந்து வரும். அதே நேரத்தில் ஓர் ஆலை தன் கழிவைச் சுத்திகரித்து ஆற்றில் விடுவதற்கான பொது வரம்பு 30. சுத்திகரிக்காத ஊர்ச் சாக்கடையில் 200-ஐத் தாண்டுவது சாதாரணம்.

30-ஐ விடலாம், ஆனால் ஆற்றில் 3 தான் இருக்க வேண்டும் என்றால் கணக்கு எப்படி ஒத்துப்போகிறது? ஆறு ஓடுகிறது என்ற நம்பிக்கையில்தான். 30 உள்ள ஒரு குடம் கழிவு 3 ஆக இறங்க, துளி அழுக்கும் இல்லாத ஒன்பது குடம் தண்ணீர் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் தாமிரபரணி இரு கரையும் தொட்டு ஓடும்போது ஒன்பது குடம் என்ன, ஒன்பதாயிரம் குடம் கிடைக்கும். சித்திரையில் சுத்தமல்லிக்குக் கீழே பாறை தெரிய ஆறு கிடக்கும்போது அந்த ஒன்பது குடத்துக்கு எங்கே போவது? சட்டப்படி சரியாக விடப்பட்ட கழிவுகூட அந்த மாதங்களில் ஆற்றைக் கெடுக்கும். எத்தனையோ கூட்டங்களில் இதைச் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஆற்றில் எவ்வளவு தண்ணீர் ஓட வேண்டும் என்று பேசாமல் எவ்வளவு அழுக்கு விடலாம் என்று மட்டும் பேசுவது பாதிப் பேச்சு.

1974-க்கு முன்னால்

வெள்ளைக்காரன் காலத்து இந்திய தண்டனைச் சட்டத்தில் 277 என்று ஒரு பிரிவு இருந்தது. பொது ஊற்றையோ நீர்த்தேக்கத்தையோ அசுத்தப்படுத்தினால் மூன்று மாதம் சிறை அல்லது 500 ரூபாய் அபராதம். 1881-இல் இதை வைத்து வந்த ஒரு வழக்கில், ஆற்றில் தொடர்ந்து ஓடும் தண்ணீர் "பொது ஊற்று" ஆகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, ஊருணியைக் கெடுத்தால் குற்றம், ஆற்றைக் கெடுத்தால் அந்தப் பிரிவு எட்டாது. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் அதே பிரிவு 279 என்ற எண்ணில் இருக்கிறது. ஆறு மாதம், 5,000 ரூபாய் என்று கொஞ்சம் கூடியிருக்கிறது.

1974 சட்டம் இந்த ஓட்டையை அடைத்தது. அதில் "ஓடை" என்ற சொல்லுக்குக் கொடுத்திருக்கும் விளக்கத்தை நம் ஊர்க்காரர்கள் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். ஆறு, நீர்வழி, இயற்கையானதோ வெட்டியதோ உள்நாட்டு நீர்நிலை, நிலத்தடி நீர், எல்லாம் ஓடைதான். நீர்வழி என்பதற்குப் பக்கத்திலேயே, இப்போது ஓடினாலும் சரி, தற்சமயம் வறண்டு கிடந்தாலும் சரி என்று எழுதியிருக்கிறார்கள். கோடையில் காய்ந்து கிடக்கும் கால்வாயில் கோழிக் கழிவைக் கொட்டிவிட்டு "தண்ணியே இல்ல, எதக் கெடுத்தேன்?" என்று கேட்கிறவருக்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகளில் பிரிகிற அத்தனை கால்களும் அவற்றில் நிரம்பும் குளங்களும் இந்தச் சொல்லுக்குள் அடங்கும்.

தண்ணீர் மாநிலங்களின் அதிகாரப் பட்டியலில் இருக்கிறது. அதனால் நாடாளுமன்றம் நேரடியாக இந்தச் சட்டத்தைப் போட முடியவில்லை. சில மாநிலச் சட்டமன்றங்கள் தீர்மானம் போட்டுக் கேட்டுக்கொண்டதால், அரசமைப்பின் 252-ஆம் பிரிவின்படி இயற்றினார்கள். மற்ற மாநிலங்கள் பின்னால் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982 பிப்ரவரியில்தான் தொடங்கியது.

அனுமதிச் சீட்டு

இந்தச் சட்டத்தின் உயிர் 25-ஆம் பிரிவில் இருக்கிறது. கழிவுநீர் வெளியேற்றும் எந்தத் தொழிலானாலும் அதை அமைக்கும் முன்னால் ஓர் இசைவு, ஓட்டும் முன்னால் இன்னோர் இசைவு வாங்க வேண்டும். எவ்வளவு தண்ணீர் விடலாம், என்ன தரத்தில், எந்த இடத்தில் என்றெல்லாம் அதில் நிபந்தனை இருக்கும். விண்ணப்பித்து நான்கு மாதம் வாரியம் எதுவும் சொல்லாவிட்டால் இசைவு கிடைத்துவிட்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். வாரியத்தின் மௌனத்துக்கும் அவ்வளவு கனம் இருக்கிறது.

நான் பேசிப் பார்த்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் இசைவு என்பது ஆலைக்காரர்களுக்கு மட்டும் என்றுதான் நினைக்கிறார்கள். கிடையாது. சட்டத்தில் ஆலைக் கழிவு என்று இருக்கும் அதே வரியில் சாக்கடைக் கழிவும் இருக்கிறது. ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி யாராக இருந்தாலும் ஊரின் அங்கணத் தண்ணீரைச் சேர்த்துக் குழாய் வழியாக ஆற்றிலோ வாய்க்காலிலோ விட்டால் இசைவு வேண்டும், சுத்திகரிக்க வேண்டும். மீறுவது அரசுத் துறை என்றால் துறைத் தலைவரே பொறுப்பு என்று 48-ஆம் பிரிவு சொல்கிறது. நம் ஆற்றைப் பொறுத்தவரை மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் முக்கியம். ஏன் என்று பின்னால் வருகிறேன்.

மீறினால் வாரியம் ஆலையை மூடச் சொல்லலாம், மின்சாரத்தையும் தண்ணீரையும் துண்டிக்கச் சொல்லலாம். 24-ஆம் பிரிவை மீறியதற்கு, 2024 வரை இருந்த வடிவில், ஒன்றரை ஆண்டு முதல் ஆறு ஆண்டு வரை சிறை. 2024-இல் வந்த திருத்தம் பல குற்றங்களுக்குச் சிறையை எடுத்துவிட்டு 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் வரை தண்டத்தொகை என்று மாற்றியது. அது முதலில் இமாச்சலப் பிரதேசம், ராஜஸ்தான், ஒன்றியப் பகுதிகளுக்கு மட்டும். மற்ற மாநிலங்களுக்குச் சட்டமன்றத் தீர்மானம் வேண்டும். பணம் உள்ளவனுக்கு 15 லட்சம் செலவுக் கணக்கில் ஒரு வரி. எனக்கு இந்த மாற்றத்தில் மனம் ஒப்பவில்லை.

மலையிலிருந்து கடல் வரை

ஒரே ஆறுதான், ஆனால் போகிற வழியில் சட்டம் மாறிக்கொண்டே போகிறது. பொதிகையில் பிறந்து காரையாறு, சேர்வலாறு அணைகளைத் தாண்டும் வரை களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். அங்கே 1972-ஆம் ஆண்டின் வன உயிரினச் சட்டமும் வனத்துறையும். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகிறவர்களிடம் பிளாஸ்டிக்கைக் கேட்டுச் சோதனைச்சாவடியில் நிறுத்துவது அதனால்தான். பாபநாசத்தில் மலையிறங்கியதும் அந்தக் காவல் முடிந்துவிடுகிறது. குளித்துவிட்டுத் துணியை ஆற்றிலேயே விட்டுப் போகும் வழக்கம் அங்கே படித்துறைக்குக் கீழே பாறை இடுக்கெல்லாம் சேலையும் வேட்டியுமாகக் கிடக்கிறது. அந்தத் துணியை யார் எடுப்பது என்று கேட்டால் ஒவ்வொரு துறையும் அடுத்த துறையைக் காட்டும். கீழே சமவெளியில் அணைக்கட்டுகளும் கால்களும் நீர்வளத் துறையின் கையில், கழிவு வாரியத்தின் கையில், குப்பை உள்ளாட்சியின் கையில். புன்னைக்காயலில் கடலைத் தொடும் இடத்தில் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை வந்துவிடும். ஆற்றை விட்டு விலகி நாங்குநேரிப் பக்கம் போனால் கூந்தன்குளம். ராம்சர் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் ஏறிய இடம், அதற்கு 2017-ஆம் ஆண்டின் ஈரநில விதிகள்.

நமக்கென்றே ஒரு வேலியும் உண்டு. ஆற்றங்கரையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் கடும் மாசு தரும் ஆலைகள் வரக் கூடாது என்று தமிழக அரசு 1989-இல் அரசாணை 213-ஐப் போட்டது. 1998-இல் காவிரி, பாலாறு, வைகை முதலான ஆறுகளோடு தாமிரபரணிக்கும் அந்தத் தூரத்தை 5 கிலோமீட்டர் ஆக்கினார்கள். கரையோரத்தில் தோல் ஆலையோ சாய ஆலையோ வரப்போகிறது என்று காதில் விழுந்தால் முதலில் கேட்க வேண்டியது இந்த அரசாணையைத்தான்.

மாசு செய்தவனே கொடுக்க வேண்டும்

1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்தது. அதற்குப் பிறகு 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தண்ணீருக்கு ஒன்று, காற்றுக்கு ஒன்று என்று தனித்தனியாக இருந்தவற்றின் மேல் இதைக் குடை மாதிரி விரித்தார்கள். கழிவு வரம்புகள், மருத்துவக் கழிவு விதிகள், பெரிய திட்டங்களுக்கான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு, மாவட்ட ஆட்சியர் நடத்தும் கருத்துக்கேட்புக் கூட்டம் எல்லாம் இந்தக் குடைக்குக் கீழே வருபவை.

ஆனால் சட்டத்துக்கு முதுகெலும்பைக் கொடுத்தது ஒரு தமிழ்நாட்டு வழக்கு. பாலாற்றங்கரையில் தோல் ஆலைகள் சுத்திகரிக்காத கழிவை வயலிலும் ஆற்றிலும் விட்டன. அந்தப் பட்டையில் சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு ஆகாமல் போனது. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் எடுத்த கணக்கெடுப்பில் 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்டில் வந்த தீர்ப்பு இரண்டு கொள்கைகளை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது.

ஒன்று, மாசு செய்தவனே செலவைத் தர வேண்டும். பாதிக்கப்பட்டவனுக்கு இழப்பீடு மட்டும் இல்லை, கெட்ட நிலத்தையும் நீரையும் திரும்பச் சரிசெய்யும் செலவும் அவன் தலையில்தான். இன்னொன்று முன்னெச்சரிக்கை. திரும்பச் சரிசெய்ய முடியாத கேடு வரும் என்று தெரிந்தால், அறிவியல் ஆதாரம் முழுதாகக் கையில் இல்லை என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. கேடு வராது என்று நிரூபிக்கும் பாரமும் ஆலை வைப்பவன் மேல். "எங்க கழிவாலதான் ஒங்க கெணறு கெட்டுச்சுன்னு நிரூபிங்க" என்று ஆலை வாசலில் நின்று சம்சாரியிடம் கேட்கிறார்களே, அந்தக் கேள்வியைத் திருப்பிப் போட்ட தீர்ப்பு இது. இதற்கு ஐந்தாண்டு முன்பே, 1991-இல் சுபாஷ் குமார் வழக்கில், மாசில்லாத நீரும் காற்றும் பெறுவது அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது.

2010-ஆம் ஆண்டின் சட்டப்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வந்தது. நமக்குத் தென்மண்டல அமர்வு, சென்னையில். அது வேலை செய்தால் எப்படி இருக்கும் என்று நாமே கண்ணால் பார்த்தோம். 2024 டிசம்பரில் நடுக்கல்லூர், கோடகநல்லூர், பழவூர் பக்கம் மூட்டை மூட்டையாகக் கழிவு கிடந்தது. பிரித்துப் பார்த்தால் ஊசி, மருந்துக் குப்பி, ரத்தக் கறைபட்ட பஞ்சு, கூடவே கேரளத்து மருத்துவமனைகளின் காகிதங்கள். கோடகநல்லூர் ஆற்றங்கரை ஊர். ஒரு மழை அடித்திருந்தால் அத்தனையும் ஆற்றுக்குள் போயிருக்கும். ஊர்க்காரர்கள் படம் எடுத்தார்கள், செய்தி ஆனது, தீர்ப்பாயம் கையில் எடுத்தது. மூன்று நாளைக்குள் கேரள அரசே எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று உத்தரவு. அந்த மாநில அதிகாரிகள் லாரிகளோடு வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். மாசு செய்தவனே கொடுக்க வேண்டும் என்பதை டீக்கடையில் யாருக்காவது விளக்க வேண்டுமென்றால் நான் அந்த லாரிகளைத்தான் சொல்லுவேன்.

கவனித்துப் பாருங்கள், அங்கே ஆதாரம் கைக்குக் கிடைத்தது. யாருடைய கழிவு என்று காகிதமே சொன்னது. யாருடையது என்று சொல்ல முடியாத கழிவுக்கு வருவோம்.

யாருடைய சாக்கடை

மத்திய வாரியம் 2018-இல் நாடு முழுக்க மாசடைந்த 351 ஆற்றுப் பகுதிகளைப் பட்டியல் போட்டது. குளிக்கும் தண்ணீருக்கான அந்த 3 என்ற எண்ணைத் தாண்டியவை எல்லாம் அதில் வந்தன. பாப்பான்குளம் முதல் ஆறுமுகநேரி வரை தாமிரபரணியும் அதில் இருந்தது. பொருநை என்று சங்கப் பாட்டில் படித்த ஆறு, அந்தப் பட்டியலில்.

நொய்யலைச் சாயக்கழிவும் பாலாற்றைத் தோல் கழிவும் கெடுத்தது போல நம் ஆற்றை ஒரு தொழில் கெடுக்கவில்லை. அம்பாசமுத்திரத்திலிருந்து வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் தாண்டி ஸ்ரீவைகுண்டம் வரை கரையோர ஊர்களின் சாக்கடைதான் பெரும் பங்கு. குறுக்குத்துறைக் கோயில் படியில் நின்று ஆற்றைப் பார்த்தால் குளிர்ந்துபோகும். அப்படியே கரையோரமாகக் கீழே நடந்து பாருங்கள். ஓடையொன்று வந்து சேரும் இடத்தில் தண்ணீர் இரண்டு நிறமாகப் பிரிந்து கொஞ்ச தூரம் ஒட்டாமல் ஓடும். ஓரத்தில் ஆகாயத்தாமரை தழைத்து நிற்கும். பத்தடி தள்ளி ஒருவர் துணி துவைத்துக்கொண்டிருப்பார்.

ஆலை என்றால் ஒரு வாசல், ஒரு முதலாளி, ஒரு இசைவு. சாக்கடைக்கு ஆயிரம் வீடு, நூறு ஓடை. "எங்க வீட்டுத் தண்ணியா ஆத்தக் கெடுக்கு?" என்று ஒவ்வொருவரும் கேட்கலாம், நியாயமாகவும் இருக்கும். அதனால்தான் உள்ளாட்சிக்கும் இசைவு வேண்டும் என்பது இவ்வளவு முக்கியம். அந்தக் கடைசிக் குழாய்க்கு ஒரு சொந்தக்காரரைச் சட்டம் ஏற்கெனவே வைத்திருக்கிறது. 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உள்ளாட்சிகள் மூன்றாண்டுக்குள் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட வேண்டும் என்று கெடு வைத்தது. நெல்லை மாநகருக்கு இராமையன்பட்டியில் நிலையம் இருக்கிறது. பாதாளச் சாக்கடை ஒவ்வொரு பகுதியாக நீண்டுகொண்டிருக்கிறது. கெடு முடிந்து வருடங்கள் ஓடிவிட்டன. 2024 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதிகள் இருவர் நேரிலேயே வந்து ஆற்றங்கரையில் நடந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

தண்ணீரின் அளவு வேறு சட்டத்துக்குள் போய்விடுகிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கங்கைகொண்டான் சிப்காட் குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் கொடுப்பதை எதிர்த்த வழக்கில் 2016 நவம்பரில் மதுரைக் கிளை தடை விதித்து, 2017 மார்ச்சில் விலக்கியது. அங்கே கேள்வி யாருக்கு எவ்வளவு என்பது. மாசுச் சட்டம் அதற்குள் நுழையாது. ஆனால் அந்த ஒன்பது குடம் கணக்கு உங்களுக்கு நினைவிருந்தால் இரண்டும் ஒரே கேள்விதான் என்று புரியும்.

மனு எழுதக் கற்றது

எங்கள் வாய்க்காலில் சில வருடங்களுக்கு முன் ஒரு சிமெண்ட் குழாய் முளைத்தது. தெருச் சாக்கடையெல்லாம் அதில் வந்து விழுகிறது. ஆச்சி என்னைச் சத்தம் போட்ட அதே இடத்துக்கு நேரே கொஞ்சம் மேலே. முதலில் நான் எழுதிய மனு இரண்டே வரி: வாய்க்கால் நாறுகிறது, நடவடிக்கை எடுக்கவும். ஆய்வு செய்யப்பட்டது, குறைபாடு எதுவும் காணப்படவில்லை என்று பதில் வந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. வந்து பார்த்த நாளில் காலில் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். வாய்க்கால் நிறைந்து ஓடியது. நான் எழுத வேண்டியது நாற்றத்தைப் பற்றி இல்லை, குழாயைப் பற்றி என்று அப்போதுதான் உறைத்தது.

ஆகவே மனுவில் இடத்தைத் துல்லியமாகச் சொல்லுங்கள். எந்தக் கால், எந்த மடைக்கு மேலே அல்லது கீழே, சர்வே எண் தெரிந்தால் அதுவும். தேதியும் நேரமும் தெரிகிற படம், ஒரு நாள் மட்டும் இல்லாமல் பல நாள் எடுத்தது. நாமே தண்ணீர்ப் போத்தலில் பிடித்துக்கொண்டு போகும் மாதிரி வழக்கில் நிற்காது. மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி 1974 சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி அறிவிப்புக் கொடுத்து, எடுத்து, இரண்டாகப் பிரித்து முத்திரையிடும் மாதிரிதான் சான்று. நம் திருப்திக்குக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் கட்டணம் கட்டிப் பார்த்துக்கொள்ளலாம், கிணற்றுத் தண்ணீருக்கு அது ரொம்பவே உதவும். மனு போக வேண்டிய இடம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர். நகல் மாவட்ட ஆட்சியருக்கு.

பதில் வரவில்லை என்றால் இரண்டு வழி. வாரியத்துக்கு 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு, குடிமகனே குற்றவியல் நீதிமன்றத்தில் புகார் தரலாம் என்று 49-ஆம் பிரிவு சொல்கிறது. இல்லாவிட்டால் பசுமைத் தீர்ப்பாயம். இழப்பீடு கேட்காத மனுவுக்கு 1,000 ரூபாய் கட்டணம், வழக்கறிஞர் இல்லாமலே போகலாம். ஆனால் பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும், தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். "பாப்போம், பாப்போம்" என்று இருந்தே இந்தக் கெடுவை நான் தவறவிட்டேன். நீங்கள் விட்டுவிடாதீர்கள்.

எனக்குப் பிடிபடக் கடைசிவரை நேரம் எடுத்தது 25-ஆம் பிரிவின் 6-ஆம் உட்பிரிவு. வாரியம் தான் கொடுத்த இசைவு நிபந்தனைகளைப் பதிவேட்டில் வைத்திருக்க வேண்டும்; ஒரு கழிவு வாயால், அதாவது கழிவு வந்து விழும் குழாய் முனையால், பாதிக்கப்படுகிறவர் யாரும் உரிய நேரத்தில் போய் அந்தப் பக்கத்தைப் பார்க்கலாம். தகவல் உரிமைச் சட்டத்துக்கு முப்பது வருடம் முந்தியே எழுதிவைத்த உரிமை. அந்த வரியை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். மேசையில் இருந்தவர் இரண்டு தடவை வாசித்தார். "இதுவரைக்கும் யாரும் வந்து கேட்டதில்ல சார்" என்றார். மரியாதையாக உட்காரச் சொல்லித் தேடிப் பார்த்தார். எங்கள் குழாய்க்குப் பதிவே இல்லை. இசைவு கேட்கவே இல்லை.

மனுவின் தலைப்பை மாற்றிவிட்டேன். இசைவு பெறாத கழிவு வாய் என்று எழுதி 60 நாள் அறிவிப்பை அனுப்பியிருக்கிறேன். இன்றோடு 23 நாள். கார் சாகுபடிக்குக் காலில் தண்ணீர் வர இன்னும் சில வாரம் இருக்கிறது. வாய்க்கால் வற்றிக் கிடக்கும்போதே வந்து குழாய் வாயில் மாதிரி எடுக்க வேண்டும் என்று தனி மனு ஒன்றும் கொடுத்துவிட்டு, காலையும் மாலையும் அங்கே போய்ப் படம் எடுத்துவருகிறேன்.